என் கைக்கு எட்டும் நீளம்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அங்கே கோபம் வந்தால் இறங்கிப் போகவும் முடியாது, வண்டியைத் திருப்பவும் முடியாது. முன்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரி. பின்னால் டவுன் பஸ். பக்கத்தில் ஒட்டி நிற்கும் ஆட்டோ. தண்டவாளத்தில் ஓர் இன்ஜின் முன்னும் பின்னும் போய்ப் பெட்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தது. அண்ணனின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காகக் கும்பகோணத்தில் பித்தளைச் சாமான் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். அண்ணன் வண்டியை ஓட்டினான். அவன் பக்கத்தில் என் கணவர். பின் சீட்டில் நான்; மடியில் குத்துவிளக்கு, காலடியில் அண்டா. கேட் திறக்கிறவரைக்கும் என்ன செய்வது என்று போனை எடுத்து மெயில் பார்த்தேன்.

நியூசிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊரில் எனக்கு ரைஃபிள் செய்து தருகிறவர் எழுதியிருந்தார். அங்கே ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸ். வேட்டைக்குப் போகிறவள். கடையில் விற்கும் துப்பாக்கி எதுவும் என் உடம்புக்குப் பொருந்தாததால் அளவு கொடுத்து ஒன்று செய்யச் சொல்லியிருந்தேன். மெயிலில் இருந்தது இதுதான்: உங்கள் கணவர் போனில் கேட்டுக்கொண்டபடி ஆர்டரை மாற்றிவிட்டேன். ஷார்ட் ஆக்‌ஷனுக்குப் பதில் லாங் ஆக்‌ஷன். தோட்டா முந்நூறு மேக்னம். இந்த வாரமே ஆக்‌ஷனைத் தருவிக்கிறேன். நல்ல தேர்வு. விடுமுறையைச் சந்தோஷமாகக் கழியுங்கள்.

'நல்ல தேர்வு' என்ற இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது. மறுபடி மேலிருந்து படித்தேன்.

"யாரக் கேட்டு மாத்துனீங்க?" என்றேன்.

என் கணவர் திரும்பவில்லை. "எத?"

"என் துப்பாக்கிய."

 பதில் அண்ணனிடமிருந்து வந்தது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஓ, அதுவா? மாப்ளயும் நானும் பேசித்தாம்மா முடிவு பண்ணோம். நான் வீடியோவெல்லாம் பாத்தேன். அந்தச் சின்ன தோட்டாவுக்குப் போயி யாராச்சும் சொல்லிச் செய்வாங்களா? செய்யிறது செய்யிற, பெருசாச் செஞ்சுர வேண்டியதுதானே."

அண்ணனுக்கு உரக்கடை. துப்பாக்கியைச் சினிமாவிலும் பேங்க் வாசலிலும் பார்த்திருக்கிறான்.

"அண்ணே, அது நான் தோள்ல வெச்சுச் சுடப்போறது."

"சுடு. யாரு வேணாங்குறா? ஒன் நல்லதுக்குத்தான சொல்றோம்."

அப்போது என் கணவர் குறுக்கிட்டார். எதையும் சத்தம் போடாமல், நிதானமாகச் சொல்வது அவர் வழக்கம். அந்த நிதானம்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"மச்சான் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. லாங் ஆக்‌ஷன் வாங்கிட்டா, வேணும்னா பின்னாடி குழல மாத்திச் சின்ன தோட்டாவும் போட்டுக்கலாம். ஷார்ட்ல பெருசு போகவே போகாது. நாளைக்கு மனசு மாறுனா என்ன பண்ணுவ?"

"யாரு மனசு?"

"நானும் லைசென்ஸ் எடுக்கப்போறேன்ல. அப்ப ரெண்டு பேருக்கும் ஆகணும்ல. எனக்கு அந்தக் குட்டி ரைஃபிள் பொம்மை மாதிரி இருக்கும்."

அவர் ஆறடிக்கு மேல். நான் அவர் நெஞ்சுக்கு வருவேன். கல்யாணப் போட்டோவில் என்னைப் பலகை மேல் ஏற்றி நிற்க வைத்தார்கள். லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்று அவர் சொல்லத் தொடங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. ஒருநாளும் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்ததில்லை. காட்டுக்கு ஒருமுறை என்னோடு வந்தார். அட்டைப்பூச்சி இல்லாத காடு என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன், மணல் ஈக்கள் கடித்ததில் பாதியிலேயே காருக்குத் திரும்பிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு வேணும்னா நீங்க வாங்கிக்கங்க. என்னதுல ஏன் கை வெக்கிறீங்க?"

கேட் திறந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வண்டிகள் நடுவில் வந்து முட்டி நின்றன. "வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்மா," என்று சொல்லிவிட்டு அண்ணன் தலையை வெளியே நீட்டி லாரிக்காரரைத் திட்ட ஆரம்பித்தான்.

பேசிக்கொள்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. நான் ஒரு வருஷமாக யோசித்து எடுத்த முடிவு அது.

ரைஃபிளில் ஆக்‌ஷன் என்பது நடுவில் இருக்கும் இரும்புப் பகுதி. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைப்பதும், சுட்ட பிறகு வெறும் கூட்டை வெளியே இழுத்து எறிவதும் அதன் வேலை. அதற்குள் முன்னும் பின்னும் ஓடுவது போல்ட். தோட்டா நீளமென்றால் போல்ட்டும் அவ்வளவு தூரம் பின்னால் வந்தாக வேண்டும். லாங் ஆக்‌ஷனுக்கும் ஷார்ட் ஆக்‌ஷனுக்கும் வித்தியாசம் ஒரு விரல் அகலம் இருக்கும், அவ்வளவுதான். கடை மேசை மேல் வைத்துப் பார்க்கிறவருக்கு அது ஒன்றுமே இல்லை. சரிவில் குப்புறப் படுத்துக்கொண்டு, துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையில் கன்னத்தை வைத்தபடி, குட்டைக் கையால் போல்ட்டை இழுக்கிறவளுக்கு அந்த ஒரு விரல்தான் எல்லாமே.

இது எனக்கு ஒரு பெண்மானிடமிருந்து தெரிந்தது. எங்கள் மருத்துவமனை டாக்டர் ஒருவர் தன்னுடைய மேக்னம் ரைஃபிளை இரவல் கொடுத்திருந்தார். அவரும் நெட்டை. அவர் கைக்கு அளவெடுத்த கட்டை. என் முதல் குண்டு மானின் விலாவுக்குச் சற்றுப் பின்னால் பட்டது. துப்பாக்கி பின்னால் உதைத்ததில், குறிபார்க்கும் ஸ்கோப் வந்து என் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் வழிய, போல்ட்டை இழுத்துத் தள்ளி இரண்டாவது முறை அழுத்தினேன். டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. நான் கடைசிவரை இழுக்கவில்லை. என் கை எட்டிய தூரம் அந்தப் போல்ட்டுக்குப் போதவில்லை. அடுத்த தோட்டா ஏறவே இல்லை. மான் புதருக்குள் போய்விட்டது. அதைத் தேடிக் கண்டுபிடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அது உயிரோடு, முன்னங்கால்களை மடித்துப் படுத்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வேலையை முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். இன்னொருவர் உடம்புக்குச் செய்த சாமானை வைத்துக்கொண்டு ஓர் உயிரை எடுக்கப் போனால் இப்படித்தான் ஆகும்.

என் புருவத்தில் தையல் போட்ட தழும்பு இப்போதும் இருக்கிறது. அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று என் கணவர் அவர் அம்மாவிடம் சொன்னார். மருமகள் துப்பாக்கி தூக்குகிறாள் என்று அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. அதே துப்பாக்கியைப் பற்றி என் அண்ணனிடம் மணிக்கணக்கில் பேச மட்டும் வாய் வந்திருக்கிறது.

அந்த நாளுக்குப் பிறகு நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்கு என்ன தேவை? நான் போகும் காட்டில் மரங்களுக்கு நடுவே மான் தெரிவது கூப்பிடு தூரத்தில். திறந்த மலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி. அதற்கு மேல் தூரமென்றால் நான் சுடுவதில்லை, கிட்டப் போவேன். மேக்னத்தின் உதை என் தோளுக்கு ஆகாது. அடுத்து வரப்போகும் உதையை நினைத்தே விரல் பதறும், குறி தப்பும். 7 எம்எம்-08 என்று ஒரு தோட்டா. முந்நூற்றெட்டு என்ற பழைய தோட்டாவின் கழுத்தை நெருக்கிச் செய்தது. குட்டை. உதை பாதிதான் இருக்கும். எங்கள் ஊர்ப் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய சின்னக் கடையிலும் கிடைக்கும். மானை விழுத்த அது தாராளம். ஷார்ட் ஆக்‌ஷனில் அழகாக உட்காரும், துப்பாக்கியின் கனமும் குறையும். பெரியதில் சின்னதையும் போடலாமே என்ற வாதம் எனக்குத் தெரியாததல்ல. போடலாம். ஆனால் போல்ட் அதே பழைய தூரம்தான் ஓடும். குழலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்; ஆக்‌ஷனை மாற்ற முடியாது. அது மாறினால் துப்பாக்கியே வேறு.

இதையெல்லாம் வீட்டுக்குப் போய் அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமாம்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டு வாழைமரம் கட்டியிருந்தார்கள். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்ததால் தெருவெல்லாம் வைக்கோல் தூசு. அண்ணன் வண்டியைவிட்டு இறங்கியதும் பந்தலில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்களிடம் விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். அவ்வளவுதான், பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகத் திரும்பின. எவ்வளவு தூரம் பாயும், யானையே விழுமா, மிலிட்டரியில் எது வைத்திருக்கிறார்கள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவர் என் கணவரின் தோளைத் தட்டி, "மாப்ளைக்கு ஏத்த துப்பாக்கி," என்றார். என் கணவர் சிரித்துக்கொண்டு நின்றார். அது யாருடையது என்று அவர் சொல்வார் என நான் நின்று பார்த்தேன். சொல்லவில்லை. அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

புது வீட்டை ஒட்டியிருந்த பழைய வீட்டுக் கூடத்தில் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெளியே பேசியது அவர் காதில் விழுந்திருந்தது.

"பாப்பா, என்னது அது, துப்பாக்கிங்கிறானுவ?"

அப்பாவுக்கு நான் வேட்டைக்குப் போவது தெரியாது. மறைத்தேன் என்றில்லை, போனில் அவர் கேட்பது சாப்பிட்டியா, குளிர் எப்படி என்ற இரண்டுதான். உட்கார்ந்து சொன்னேன். அங்கே மான் அந்த ஊர் மிருகம் இல்லை, வெள்ளைக்காரன் விளையாட்டுக்குக் கொண்டுவந்து விட்டது, இப்போது பெருகிக் காட்டையே மேய்ந்து தீர்க்கிறது, சுடச் சொல்லி அரசாங்கமே சொல்கிறது, கறியை நாங்கள் வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறோம் என்று.

"அவன் கொண்டாந்து உட்டான். நீ போயி சுடுறியா?"

"ஆமாப்பா."

அப்பா முகம் மாறியது. என்னிடம் அவர் குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை.

"எனக்குத் துப்பாக்கின்னா என்னன்னு தெரியும். எனக்குக் கண்ணாலம் ஆன புதுசு. பெரிய வீட்டய்யா மார்கழிப் பனியில ஏரிக்கரைக்கு வருவாரு. சிறகி வாத்தச் சுடுவாரு. அது தண்ணியில விழும். எறங்குடான்னுவாரு. நான் எறங்கணும். கழுத்துமுட்டத் தண்ணி. தாமரக்கொடி காலச் சுத்தும். ஒருதடவ ஒண்ணு சாவாமக் கெடந்து என் கையக் கொத்துச்சு. கழுத்தத் திருவிக் கொண்டாந்து குடுத்தேன். வண்டியில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. ஒரு றெக்க எங்களுக்குக் குடுத்ததில்ல. ஈரத்துணியோட நடந்து வந்து வயல்ல எறங்குவேன். அந்தச் சாமானத் தோள்ல வெச்சுக்கிட்டுத் திரியவா ஒன்னப் படிக்க வெச்சேன்?"

இந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. தாத்தா பண்ணையாளாக இருந்தது தெரியும். அந்தப் பெரிய வீட்டு நிலத்தில் ஒரு துண்டைத்தான் பின்னாளில் அப்பா வாங்கினார் என்பதும் தெரியும். தண்ணீரில் இறங்கியது தெரியாது. அந்தப் பெரிய வீட்டய்யாவை நான் பார்த்ததுகூட இல்லை. அந்த நிமிஷத்தில் அவர் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"அப்பா, நான் சுட்டா நானேதான் எறங்கி எடுக்குறேன். நானே அறுக்குறேன். நானே முதுகுல சொமந்து காருக்குக் கொண்டாறேன். யாரையும் நான் எறக்குறதில்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொமக்குறதுக்கா அவ்ளோ தூரம் போன?"

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.   அன்று எனக்கு அவர் மீதும் கோபம்தான் வந்தது. வெளியே பந்தலில் இருக்கிற அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னைக் கேட்கிறாரே என்று.

மறுநாள் விடியலில் கிரகப்பிரவேசம். பசுவையும் கன்றையும் ஓட்டி உள்ளே கொண்டுவந்தார்கள். ஐயர் மந்திரம் முடிந்ததும் பால் காய்ச்ச அண்ணியைக் கூப்பிட்டார்கள். புதுச் சமையலறை. கறுப்புக் கிரானைட் மேடை பளபளவென்று இருந்தது. அண்ணியும் என்னைப்போலக் குள்ளம். மேடை அவர் நெஞ்சு வரைக்கும் வந்தது. அதன் மேல் அடுப்பு, அதன் மேல் புதுப் பானை. பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்க்க முடியாமல் குதிகாலைத் தூக்கி நின்றார். யாரோ ஓடிப்போய் ஒரு பலகையைக் கொண்டுவந்து காலுக்குக் கீழே போட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார்.

"ஏன் அண்ணி இவ்ளோ ஒசரம்?" என்று காதோடு கேட்டேன்.

"ஒங்க அண்ணன் வீடியோ பாத்தாங்க. இதுதான் இப்ப அளவாம்." பாலைக் கிண்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "சொன்னேன். கேக்கல."

அந்த அண்ணிதான் இனிமேல் மூன்று வேளையும் அங்கே நிற்கப்போகிறவர். அண்ணன் அந்த அறைக்குள் தண்ணீர் குடிக்க வருவான்.

நான் கொல்லைப்புறம் போனேன். அங்கே நியூசிலாந்தில் மதியம் தாண்டியிருக்கும், பட்டறை திறந்திருக்கும். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று போன் போட்டேன். துப்பாக்கி செய்பவர் எடுத்து, இந்தியா எப்படி இருக்கிறது, வெயிலா என்று உற்சாகமாக ஆரம்பித்தார்.

"ஆக்‌ஷன் ஆர்டர் போய்விட்டதா?" என்று கேட்டேன்.

நாளைக்குப் போகிறது என்றார்.

"போகக் கூடாது. ஷார்ட் ஆக்‌ஷன். 7 எம்எம்-08. கட்டை நான் கொடுத்த அளவு. நான் உங்கள் பட்டறையில் நின்று என்ன சொன்னேனோ அதுதான்."

அவர் தயங்கினார். உங்கள் கணவர் மிகவும் தெளிவாகச் சொன்னாரே என்றார்.

"வாடிக்கையாளர் யார்?"

நீங்கள்தான் என்றார்.

"லைசென்ஸ் யாரிடம் இருக்கிறது? அவரிடம் இருக்கிறதா என்று கேட்டீர்களா?"

கேட்கவில்லை என்றார்.

"உங்களிடம் வரும் வெள்ளைக்காரப் பெண்ணின் புருஷன் போன் செய்தால் இப்படி மாற்றிவிடுவீர்களா?"

 அவர் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது. தவறாக நினைக்காதீர்கள், உங்கள் பண்பாட்டில் குடும்பத்தில் ஆண்கள்தான் முடிவெடுப்பார்கள் என்று நினைத்தேன், அதை மதிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்றார்.

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது அங்கே உடைந்தது. கத்தினேன். இங்கிலீஷில் கத்தினேன். நடுவில் தமிழும் வந்திருக்கும். என் அப்பா வயதுள்ளவர் அவர், அது எனக்கு அப்போது ஞாபகமில்லை. என் பண்பாட்டைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது, என்னைக் கேட்டீர்களா, என் தோளின் அளவை நீங்களே டேப் வைத்து எடுத்துவிட்டு எப்படி இன்னொருவர் பேச்சைக் கேட்டீர்கள், பட்டறையில் என்னை நிற்க வைத்துப் பத்துத் தடவை போல்ட்டை இழுக்கச் சொன்னது எதற்கு என்று கேட்டேன்.   கடைசியில், நீங்கள் சொல்வது சரி, அளவெடுத்தபோதே எனக்குத் தெரியும், லாங் ஆக்‌ஷன் உங்களுக்குச் சரிவராது என்று; தெரிந்தும் ஒத்துக்கொண்டேன், மன்னியுங்கள் என்றார்.

தெரிந்தும். அந்த வார்த்தைக்காக அவரை மன்னிக்க எனக்குப் பல மாதம் ஆனது.

திரும்பிப் பார்த்தால் கொல்லையில் போட்டிருந்த பந்தியில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் இலையில் கையை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் விரைந்து வந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"நல்ல நாள் அதுவுமா, ஒங்க அண்ணி வீட்டு ஆளுங்க உக்காந்திருக்குறப்ப இப்புடியா கத்துவ? என் மானத்த வாங்கணும்னே வந்தியா?"

"நீ என் சாமான்ல கை வெச்சா நான் கத்தத்தான் செய்வேன்."

"ஒரு துப்பாக்கி. போயும் போயும் ஒரு துப்பாக்கிக்காக."

"ஆமா. போயும் போயும் ஒரு அடுப்பு மேடைதான அண்ணே. அதுலயாவது அண்ணி சொன்னதக் கேட்டிருக்கலாம்ல?"

அவன் அண்ணியைத் தேடித் திரும்பினான். சமையலறை வாசலில் வாளியோடு நின்றிருந்த அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. என் கோபத்துக்கு நான் அவரை இழுத்துவிட்டது அப்போதே உறைத்தது. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. நான் ஊரில் இருந்த மிச்ச நாட்களில் அண்ணன் என்னோடு பேசவில்லை. கிளம்பும்போது விமான நிலையத்துக்கு வாடகைக் கார் வைத்தான்.

 மறுநாள் நானும் என் கணவரும் வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, "நாலு பேருக்கு முன்னாடி என்னக் கேவலப்படுத்திட்ட," என்றார்.

"நாலு பேருக்கு முன்னாடி நீங்க என் துப்பாக்கிய ஒங்களுதுன்னு சொல்லிக்கிட்டு நின்னீங்க. அது எனக்குக் கேவலம் இல்லையா?"

"நான் அப்புடிச் சொல்லவே இல்லையே."

"இல்லைன்னும் சொல்லலியே."

அறுவடை மெஷின் ஒன்று பக்கத்து வயலில் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சல் அடங்கும்வரை நின்றோம். பிறகு அவர், "நீ துப்பாக்கியத் தூக்கிட்டுப் போறப்ப எனக்கு ஒரு மாதிரி இருக்கு. வீட்ல நான் ஒக்காந்து சமைச்சுக்கிட்டு இருப்பேன். நீ மானத் தூக்கிட்டு வருவ," என்றார். அது உண்மை. அவரிடமிருந்து வந்த முதல் உண்மை. அதற்காக நான் இரங்கியிருக்கலாம். இரங்கவில்லை.

"அதுக்கு நீங்க என்கிட்ட பேசணும். பட்டறைக்கு போன் பண்ணக் கூடாது," என்றேன்.

ரைஃபிள் அந்த ஊர்க் குளிர்காலத்தில் கைக்கு வந்தது. வாங்கிக்கொண்டு நேராகச் சுடுமிடத்துக்குப் போய்க் குப்புறப் படுத்தேன். கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே போல்ட் முழுதாக வந்தது, முழுதாகப் போனது. புருவத்துக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே இடம் இருந்தது. அதற்குப் பிறகு நான்கு மான்கள். ஒன்றுகூட என்னைத் தேட வைக்கவில்லை. அப்பாவிடம் இன்னும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிட்டியா, குளிர் எப்படி என்கிறார், சொல்கிறேன்.

இந்த வருஷம் என் கணவர் நிஜமாகவே லைசென்சுக்கு எழுதிப் போட்டார். கூட வாழ்கிறவரைத் தனியாக உட்கார வைத்து ஓர் அதிகாரி விசாரிப்பது அங்கே வழக்கம். ஒரு பெண் வந்தார். என் கணவர் குடிப்பாரா, கை ஓங்குவாரா, மனம் சோர்ந்து கிடப்பாரா என்று வரிசையாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை என்றேன். உண்மைதான். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றார்.

"ஒருமுறை என்னைக் கேட்காமல் என் துப்பாக்கியை மாற்றச் சொன்னார்," என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தி, அதை ஆபத்தாக நினைக்கிறீர்களா என்று கேட்டார்.

"தெரியாது. கேட்டீர்கள், சொன்னேன்."

அதையும் எழுதிக்கொண்டார். அவர் போன பிறகு, என்ன சொன்னாய் என்று என் கணவர் கேட்டார். சொன்னதை அப்படியே சொன்னேன். முகம் சுருங்கியது. சில வாரம் கழித்து லைசென்ஸ் வந்துவிட்டது. நேற்று நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "எனக்கு எந்தத் தோட்டா சரியா இருக்கும்?" என்று கேட்டார்.

"கடைக்குப் போயி ஒவ்வொரு துப்பாக்கியாத் தோள்ல வெச்சுப் பாருங்க," என்றேன்.